உள்ளேயும் எடுத்தாச்சு, வெளியேயும் எடுத்தாச்சு

அன்று அந்தக் கோயிலில் இருந்தவர்கள் இவர்கள்: என் மனைவி, எங்கள் மூன்று வயது மகள், என் அம்மா, என் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், என் மாமனார், மாமியார், மகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனான என் மச்சினன், செல்லூரில் எங்களோடு ஒரே வளவில் குடியிருந்த நாலு குடும்பத்துக்காரர்கள், பூசாரி, முடி இறக்கியவர், காது குத்த வந்த ஆசாரி, கிடாக்கறி சமைத்தவர், வேன் டிரைவர். வேன் டிரைவர் இரண்டாம் பந்தியில் ஓரமாக உட்கார்ந்தார். ரசத்தை இலையில் வாங்காமல் கையைக் குவித்து வாங்கிக் குடித்தார். என் மாமனார் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்தார்.

இவ்வளவு சரியாகச் சொல்கிறேனே என்று நினைக்கலாம். நான் அங்கே இல்லை.

இது நடந்து பன்னிரண்டு வருடம் இருக்கும். ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டிப் போனால் மலையடிவாரத்தில் எங்கள் குலசாமி கோயில் இருக்கிறது. அங்கேதான் என் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். நான் அப்போது குவைத்தில் ஒரு லாண்டரியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செல்லூரில் விசைத்தறியில் கொஞ்ச காலம் ஓட்டினேன், அது சரிப்படவில்லை, கடன் வாங்கி வெளிநாடு போனேன். போகும்போது மகள் மூன்று மாதக் குழந்தை. ஒரு வருடத்தில் லீவு தருவதாகச் சொன்ன முதலாளி இரண்டாவது வருடமும் தரவில்லை, மூன்றாவது வருடமும் தரவில்லை. பாஸ்போர்ட் அவர் பெட்டியில் இருந்தது. மகளுடைய முகத்தை போட்டோவில்தான் பார்த்திருந்தேன். குரல் போனில் கேட்டிருந்தேன், அதுவும் அவள் அம்மா சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் குரல். இப்போது மாதிரி முகம் பார்த்துப் பேசும் வசதி எங்கள் வீட்டில் அன்றைக்கு இல்லை. பட்டன் போன்தான்.

என் சுபாவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதாது. கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன். படி இறங்கியதும் மறுபடி ஏறிவந்து இழுத்துப் பார்ப்பேன். லாண்டரியில் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு ரூமுக்கு வந்து படுத்தபிறகு, அணைத்தோமா இல்லையா என்று எழுந்து திரும்பப் போயிருக்கிறேன். கூட இருந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்தால் செய்யட்டும், தீப்பிடித்தால் யார் வருவார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

காது குத்து நாள் குறித்துவிட்டதாக மனைவி சொன்னதும், அதை எப்படியாவது பார்க்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. வீடியோக்காரரை அமர்த்தலாம் என்றால் கட்டுப்படியாகாது. என் மச்சினன்தான் அந்த யோசனையைச் சொன்னான். என் மனைவியின் தம்பி. நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். ஒத்தக்கடையில் டைல்ஸ் கடை ஒன்றில் வேலை பார்த்தான். அங்கே ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் வெளிநாட்டு வீடியோ கேமரா கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். நான் ஒன்று வாங்கி அனுப்பினால் விசேஷத்தை அவனே எடுத்துவிடுவான், பிறகு ஸ்டுடியோக்காரருக்கு நல்ல விலைக்குக் கொடுத்துவிடலாம், அந்தப் பணத்தில் விசேஷச் செலவில் பாதி அடைந்துவிடும். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தாலும் யோசனையில் குறை சொல்ல முடியவில்லை.

கேமரா வாங்கினேன். கையில் அடங்கும் அளவு. டேப் போடுகிற பழைய மாதிரி இல்லை. எங்கள் ரூமில் நாகர்கோவில்காரர் ஒருவர் டிப்ளமா படித்தவர். அவர்தான் புத்தகத்தைப் படித்துச் சொன்னார். இதற்கு உள்ளேயே ஒரு மெமரி இருக்கிறது, வெளியே கார்டு சொருகினால் அது இன்னொரு மெமரி, கேபிளைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் இரண்டும் தனித்தனிப் பெட்டி மாதிரி தெரியும், இரண்டையும் திறந்து காப்பி செய்துகொள்ள வேண்டும் என்றார். நான் அதை உள்ளே, வெளியே என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

எதில் முதலில் பதிய வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம் என்றார். கார்டைப் பார்த்தேன். நகத்தளவு இருந்தது. கோயில், கூட்டம், மணல் தரை. கழற்றும்போது விழுந்தால் போச்சு. அதனால் முதலில் உள்ளே பதியட்டும், உள்ளே நிறைந்தால் அதுவாகக் கார்டுக்கு மாறட்டும் என்று வைக்கச் சொன்னேன். உள்ளே இருப்பது எங்கேயும் விழாது அல்லவா. நான் யோசித்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

மேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் லீவில் ஊருக்குக் கிளம்பினார். அவரிடம் கேமரா, சார்ஜர், ஸ்டாண்டு, கேபிள் எல்லாவற்றையும் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டேன். ஏர்போர்ட்டில் பிடித்துவிடுவார்களோ என்று அவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு போனில் மச்சினனுக்குப் பாடம் எடுத்தேன். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். முதல் நாளே சார்ஜ் போடு. லென்ஸைத் துணியால் துடைக்காதே. உள்ளே நிறைந்தால் வெளியே பதியும். கடைசியில் இரண்டையும் எடுக்க வேண்டும். அவன் எல்லாவற்றுக்கும் சரி மச்சான், சரி மச்சான் என்றான்.

ஆவணி ஞாயிறு வந்தது. நான் அன்று இஸ்திரி போட்ட சட்டைகளில் ஒன்று கருகிவிட்டது, சம்பளத்தில் பிடித்தார்கள். மனது அங்கே இருந்தது. இப்போது வேன் கிளம்பியிருக்கும். இப்போது முடி இறக்குவார்கள். இப்போது மாமன் மடியில் உட்கார வைத்திருப்பார்கள். அழுவாளோ, மாட்டாளோ.

அன்று சாயந்திரம் லைன் கிடைக்கவில்லை. மறுநாள்தான் பேசினேன். நெட் போன் அது, நாம் பேசுவது நமக்கே திரும்பிக் கேட்கும், பாதி வார்த்தை விழுங்கிவிடும். மகள் எப்படி இருக்கிறாள், காது வீங்கியிருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டுவிட்டு, தம்பியிடம் கொடு என்றேன்.

“மாப்ள, உள்ள இருக்கதை எடுத்தாச்சா?”

“உள்ளயும் எடுத்தாச்சு, வெளியவும் எடுத்தாச்சு மச்சான். ஒண்ணு விடல.”

“முழுசா?”

“அம்புட்டும் எடுத்தாச்சுங்கிறேன்ல.”

மறுபடியும் கேட்டேன். அதற்குப் பிறகும் ஒரு தடவை கேட்டேன். ஒரே பதில்தான். என் வாழ்க்கையில் நான் மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் நிம்மதியான பதில் வந்தது அன்றைக்குத்தான். அப்போது அவன், ஸ்டுடியோக்காரர் அவசரப்படுத்துகிறார், கேமராவைக் கொடுத்துவிடவா என்றான். எடுத்தாச்சு என்றால் கொடுத்துவிடு என்று நானே சொன்னேன்.

இதைப் படிப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நான் கேட்டது, கேமராவின் உள் மெமரியில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு எடுத்தாயிற்றா என்று. அவன் சொன்னது, கோயிலுக்கு உள்ளே நடந்ததையும் வீடியோ எடுத்தாயிற்று, வெளியே மரத்தடியில் நடந்த பந்தியையும் எடுத்தாயிற்று என்று. நம் பேச்சில் படம் பிடித்தாலும் எடுத்தாச்சுதான், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் எடுத்தாச்சுதான். அந்தப் பேச்சை மனதுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். கம்ப்யூட்டர் என்கிற ஒரு வார்த்தை அதில் வரவில்லை. வந்திருந்தால் அவன் முழித்திருப்பான்.

இது வரைக்கும் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வீடியோ எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் கடையில் கொடுத்திருக்கிறேன் மச்சான், எடிட்டிங் நடக்கிறது என்றான். அடுத்த வாரம் கேட்டேன், மிக்ஸிங் நடக்கிறது என்றான். அதற்கு அடுத்து, பாட்டுப் போடுகிறார்கள் என்றான். அப்புறம், கடைக்காரர் வீட்டில் விசேஷம், கடை பூட்டியிருக்கிறது என்றான். தீபாவளியும் போய்விட்டது. கார்த்திகையில் ஒருவழியாக, லீவு முடிந்து திரும்பிய ஒருவர் கையில் டிவிடி வந்தது. அட்டையில் என் மகளின் போட்டோ, சுற்றிலும் ரோஜாப்பூ, கீழே காதணி விழா என்று தங்க நிற எழுத்து.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. ரூமில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மூன்று வருடமாக மகள், மகள் என்று அவர்கள் காதைத் தின்றவன் நான். நாகர்கோவில்காரர் எல்லோருக்கும் டீ போட்டார். ஒருவர் குளித்துவிட்டு சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், விசேஷத்துக்கு வருகிற மாதிரி.

டிவியில் முதலில் பூக்கள் பறந்தன. போட்டோ சுழன்று சுழன்று வந்து நின்றது. பாட்டு ஆரம்பித்தது. அடுத்து வந்தது இலை. வரிசையாக இலை. என் மாமனார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சரி, பந்தியை முதலில் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, எடிட்டிங் செய்தவருக்கு முன்பின் தெரியவில்லை என்று நினைத்தேன். பந்தி ஓடியது. என் அண்ணன் கறி கேட்டு வாங்கினார். பூசாரி சாப்பிட்டார். அண்ணன் பிள்ளைகள் இரண்டும் எலும்புக்குச் சண்டை போட்டன. முதல் பந்தி முடிந்து இலை எடுத்தார்கள். இரண்டாம் பந்தி உட்கார்ந்தது.

“எங்கய்யா ஒம்புள்ள?” என்று ஒருவர் கேட்டார்.

வரும் என்றேன்.

“உங்க மாமனார் மறுபடி உக்காந்துட்டாரு பாருங்க” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நன்றி என்று எழுத்து வந்து முடிந்துவிட்டது. டிவிடியில் வேறு ஏதாவது இருக்குமோ என்று நாகர்கோவில்காரர் ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். இல்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்தவர் எழுந்து டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. என்னத்துக்கு வெட்கம் என்று கேட்டால் தெரியாது.

அதன்பிறகு தனியாக அந்த டிவிடியைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். மகள் எங்கேயாவது தெரிகிறாளா என்று. பாட்டு முழுக்க மூடிவிட்டதால் யார் பேசுவதும் கேட்காது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்கு நடுவில் சின்ன இடைவெளி விட்டிருந்தார்கள். அதில் படத்துக்கு வெளியே இருந்து ஒரு குழந்தைக் குரல், “எனக்கு அப்பளம் வைக்கல” என்று சொல்கிறது. உடனே வளையல் போட்ட ஒரு சின்னக் கை திரையின் ஓரத்தில் நீள்கிறது. அடுத்த பாட்டு வந்துவிடுகிறது. அந்தக் கையும் அந்தக் குரலும்தான் என் மகளுடைய காது குத்தில் எனக்குக் கிடைத்தது.

போனில் மச்சினனிடம் கேட்டேன். கேமராவில் அவ்வளவுதான் ஏறியிருந்தது மச்சான், மற்றது பதியவே இல்லை, சாமானே மட்டம் என்றான். கோயிலுக்குள் எடுத்தது என்னாயிற்று என்றேன். எடுத்தேன் மச்சான், ஏறவில்லை என்றான். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது. கடை பில்லைத் தூக்கிக்கொண்டு கேமரா விற்ற கடைக்குப் போனேன். எனக்கு வந்த அரைகுறை இந்தியில் ஏமாற்றிவிட்டாய் என்று சத்தம் போட்டேன். பொருளைக் கொண்டுவா, பார்க்கிறேன் என்றான் கடைப்பையன். பொருள் ஒத்தக்கடையில் இருந்தது. கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. வாசல் காவலாளி என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்.

மச்சினனுடைய பொய்க்காக இன்னொருவன் கடையில் போய்க் கத்தினேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

விசேஷம் முடிந்து ஒன்றரை வருடம் கழித்து, மாசியில் லீவு கிடைத்தது. ஊருக்கு வந்தேன். மகளுக்கு முடி கழுத்து வரை வளர்ந்திருந்தது, காதில் தோடு. என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். காதைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். வலித்ததா என்று கேட்டேன். தெரியாது என்றாள். விசேஷத்தன்று எடுத்த போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டதற்கு, வீடியோ இருக்கும்போது போட்டோ எதற்கு, அதிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம் என்று தம்பி சொல்லிவிட்டான் என்றாள். அண்ணன் போனில் எடுத்த ஒன்று இருந்தது. சந்தனம் பூசிய தலையின் பின்பக்கம்.

ஒரு வாரம் பொறுத்தேன். மனது கேட்கவில்லை. அந்தக் கேமரா உண்மையிலேயே மட்டம்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. பாவம், மட்டமான சாமானை வாங்கிய ஸ்டுடியோக்காரருக்கும் நஷ்டம் ஆகியிருக்குமே என்ற கவலை வேறு. மச்சினனிடம் சொல்லாமல் பஸ் ஏறி ஒத்தக்கடைக்குப் போனேன்.

ஸ்டுடியோக்காரர் என்னைவிட இளையவர். குவைத்திலிருந்து கேமரா அனுப்பியவன் நான்தான் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கேமரா எப்படி என்று கேட்டேன்.

“தங்கமான கேமராண்ணே. ஒரு நாள் மக்கர் பண்ணுனதில்ல. இப்பக்கூட ஒரு வளைகாப்பு எடுத்துட்டுத்தான் வாரேன்.”

பதியவில்லையாமே என்றேன். யார் சொன்னது என்று கேட்டு, பையைத் திறந்து எல்லாவற்றையும் மேஜைமேல் எடுத்து வைத்தார். நான் அனுப்பிய கேபிள் அதில் இருந்தது. அவரிடம் வேறு கேபிள் இருந்ததால் இதைத் தொடவில்லையாம். அதன் பிளாஸ்டிக் கவர் பிரிக்கவே படவில்லை. கவருக்குள் கேபிளைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பிகூட அவிழவில்லை. அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே இருந்ததை யாரும் எடுக்கவே இல்லை.

ஸ்டுடியோக்காரர் அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். கேமரா கைக்கு வந்தபோது கூட இருந்த பேட்டரி சரியாக நிற்கவில்லை, வேறு பேட்டரி சொல்லி வரவழைக்க ஒரு மாதம் ஆனது, அதுவரை பையோடு பீரோவில் வைத்திருந்தார். பேட்டரி வந்தபிறகு போட்டுப் பார்த்தால், உள்ளே ஒரு கோயில் விசேஷம் இருந்தது. உடனே என் மச்சினனுக்கு போன் போட்டாராம்.

“உள்ள உங்க வீட்டுப் படம் இருக்கு தம்பி, வேணுமான்னு கேட்டேன். அதெல்லாம் எடுத்தாச்சுண்ணே, அழிச்சுக்கங்கன்னாரு. சரின்னு அழிச்சுட்டேன்.”

அழிப்பதற்கு முன்னால் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தாராம். படம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள. என்ன இருந்தது என்று கேட்டேன். அவர் அந்த வீடியோவை யாரோ ஒரு வீட்டு விசேஷம் மாதிரிதான் சொன்னார்.

“ஒரு பாப்பாண்ணே. மொட்டை அடிக்கையில சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு. சந்தனம் பூசுனதும் தலையத் தடவித் தடவிப் பாத்துக்கிருச்சு. மொத காது குத்துறப்ப அழுகல. ரெண்டாவது காதைக் காட்ட மாட்டேன்னு, மாமன் மடியில திமிறிக்கிட்டு, அப்பா அப்பான்னு அழுதுச்சு. நானும் அந்தாளு எங்கதான் நிக்கிறாருன்னு பாத்தேன். ஒரு இடத்துலயும் காணோம்.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு, அழித்ததைத் திரும்ப எடுக்க ஏதோ சாஃப்ட்வேர் இருக்கிறது, ஆனால் அதன்மேல் எத்தனையோ கல்யாணம் எடுத்தாயிற்று என்று மெதுவாகச் சொன்னார். டீ வாங்கிவரச் சொன்னார். நான் வேண்டாம் என்று எழுந்தேன். வாசல் வரை வந்தவர், தப்பா நினைக்காதீங்கண்ணே, பதினெட்டாயிரத்தை அன்றைக்கே ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன், பாக்கி எதுவும் வைக்கவில்லை என்றார். நான் பணத்துக்காக வந்தேனோ என்று அவருக்குச் சந்தேகம்.

என் மனைவி கைக்கு வந்தது பன்னிரண்டாயிரம்.

சாயந்திரம் மச்சினன் வீட்டுக்கு வந்தான். விசேஷம் நடந்த வருடம்தான் பைக் எடுத்திருந்தான். எதிலிருந்து முன்பணம் கட்டினான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கவர் பிரிக்காத கேபிளை ஸ்டுடியோக்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதை அவன் முன்னால் வைத்தேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள்.

முதலில் அவன் மறுத்தான். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கார்டைக் கழற்றி பர்ஸில் வைத்திருந்தானாம். எல்லாம் அதில் இருக்கிறது என்றுதான் நினைத்தானாம். ஒரு நாள்கூட அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கவில்லை. எடிட்டிங், மிக்ஸிங், பாட்டு என்று அவன் எனக்குச் சொன்ன நாளெல்லாம் கார்டு அவன் பின்பாக்கெட்டில் இருந்திருக்கிறது. அந்த முதல் ஒரு மாதம் முழுக்க என் மகள் ஒத்தக்கடையில் ஒரு பீரோவுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறாள். டைல்ஸ் கடையிலிருந்து அந்த ஸ்டுடியோ நடந்து போகிற தூரம். ஸ்டுடியோக்காரர் கேட்டபோதும் கார்டை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை, அழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். ஐப்பசி பிறந்தபிறகுதான் கம்ப்யூட்டர் கடைக்கே போயிருக்கிறான். கார்டில் பந்திதான் இருக்கிறது, மற்றது கேமராவிலேயே இருக்கும், கொண்டுவாருங்கள் என்று அந்தக் கடைக்காரர் சொன்ன பிறகுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது. தெரிந்ததும், சாமான் மட்டம் என்று ஒரு பொய்யை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டான்.

ஏன்டா என்று கேட்டேன்.

“எடுத்தாச்சான்னு கேட்டீங்க, எடுத்தாச்சுன்னேன். எடுத்தேன்ல மச்சான். ஸ்டாண்டுல கேமராவ நிப்பாட்டிட்டு நாந்தானே மடியில வச்சிருந்தேன்.” கேபிளை என் பக்கம் தள்ளினான். “நீங்க ஒண்ணையே ஒம்பது தடவ கேப்பீங்க. இன்னும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அதுக்கு வேற ஒம்பது கேள்வி வரும். எடுத்தாச்சுன்னுட்டா போனை வச்சுருவீங்க. அதான்.”

என் மனைவி உள்ளே போய்விட்டாள். அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. நான் பயந்து பயந்து கேட்ட கேள்விகள்தான் அவனைப் பொய் சொல்லப் பழக்கியிருக்கின்றன. கார்டு தொலைந்துவிடும் என்று பயந்து உள்ளே பதிய வைத்தவனும் நான்தான். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு மாதம், பீரோ, நடந்து போகிற தூரம் என்று நினைக்கும்போது மனது ஆறுவதில்லை. அந்த வீடியோவில் பெரிய ஆளாக உட்கார்ந்திருந்தவன் அவன்தான். புது வேட்டி கட்டிய தாய்மாமன். அவனும் அதைப் பார்க்கவில்லை. அதை முழு மனதோடு பார்த்தவர் ஒத்தக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் மட்டும்தான். என் மகள் யாரைக் கூப்பிட்டு அழுதாள் என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

இப்போது மகளுக்குப் பதினைந்து வயது. போனில் வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, நான் டீ குடித்து முடிப்பதற்குள் காட்டிவிடுகிறாள். பழைய டிவிடியை ஒருமுறை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். தாத்தா இரண்டு தடவை சாப்பிடுவதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சின்னக் கை வரும் இடத்தில் நிறுத்தி, இது நீதான் என்றேன். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைப்பா என்றாள்.

மச்சினன் நன்றாக இருக்கிறான். அவனே ஒரு டைல்ஸ் கடை வைத்துவிட்டான். தீபாவளிக்குத் தீபாவளி குடும்பத்தோடு வருவான், சாப்பிடுவான், நாங்கள் மாப்ள, மச்சான் என்று பேசிக்கொள்வோம். கிளம்பும்போது அந்தப் பணத்தை ஒரு கவரில் போட்டு நீட்டுவான். நான் வாங்குவதில்லை. பெருந்தன்மை என்று என் மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிறார், அவன் மனைவிகூட என்னைப் பெரிய மனிதர் என்கிறாள். வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அவன் நிம்மதியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான், அதற்காகத்தான் வாங்காமல் இருக்கிறேன். யாரிடம் எதைக் கேட்டாலும் ஆச்சு என்கிற பதில் வந்ததும் இன்றைக்கும் எனக்குள் ஏதோ ஒன்று எழுந்துபோய்க் கதவை இழுத்துப் பார்க்கிறது. அது நிற்கிற வரைக்கும் அவன் கணக்கில் பாக்கி நிற்கட்டும், ஆறாயிரம் ரூபாய்.